அர்மான் துரூசோ: தம் நோயைத் தாமே அறிந்த மருத்துவர்

மருத்துவ நூல்களிலே பல நோய்கள் மனிதர் பெயரால் வழங்கி வருகின்றன. ஒரு நோயின் குறிகளை முதன்முதல் ஆராய்ந்து தெளிவாகக் கூறியவர் பெயரை அந்நோய்க்கு இட்டு வழங்குதல் மேனாட்டு மருத்துவர் மரபு. அவ்வாறு தம் பெயர் தாங்கிய நோயினாலேயே தாமும் மாண்டவர் மிகச் சிலர். அந்நோய் தம் உடலில் தலைகாட்டிய பொழுதே அதனை இன்னதென்று தெளிந்து, இனித் தமக்கு உய்வில்லை என்பதைக் கலங்காது எடுத்துரைத்தவர் அச்சிலருள்ளும் அரியர். அத்தகைய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் வாழ்ந்தார். அவரே அர்மான் துரூசோ என்னும் மருத்துவப் பேராசிரியர். புற்றுநோய் உற்றவரின் நாளங்களுள் குருதி உறைந்து கட்டியாகும் இடுக்கணை உலகம் உணரச் செய்த பெருமை அவருக்கு உரியது. அவ்விடுக்கண் இன்றும் மருத்துவரின் அறிவைச் சோதிப்பதாகவே இருத்தலின், அவருடைய வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் பயனுடைத்தாகும்.

ஆசிரியரும் மாணவரும்

துரூசோ 1801ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் நாள், லுவார் ஆற்றங்கரையிலுள்ள தூர் என்னும் நகரத்திலே பிறந்தார். இளமையில் இலக்கியப் பயிற்சியும் சொல்வன்மையும் நிரம்பப் பெற்ற அவர், சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்து அணியும் சொல்லாட்சியும் கற்பித்தார். பிற்காலத்தில் அவருடைய விரிவுரைகளைக் கேட்கப் பல தேசத்து மாணவரும் திரண்டு வந்தமைக்கு இவ்விளமைப் பயிற்சியும் ஒரு காரணம் எனலாம்.

தூர் நகரத்து வைத்தியசாலையிலே அக்காலத்தில் பியேர் பிரெத்தோனோ என்னும் பேரறிஞர் தலைமை மருத்துவராக விளங்கினார். தொண்டையிலே வெண்டோல் படர்ந்து குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் நோயைத் தனியொரு நோயென வரையறுத்து, இன்று தொண்டைக்கரப்பன் என நாம் வழங்கும் அந்நோய்க்கு மேனாட்டுப் பெயரிட்டவர் அவரே. ஒவ்வொரு நோயும் தனக்கென ஒரு வித்தை உடையது. நெல் விதைத்த வயலில் வரகு முளையாதவாறு போல, ஒரு நோயின் வித்திலிருந்து வேறொரு நோய் தோன்றாது என்பது அவருடைய கொள்கை. நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு உலகிற் பரவுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவர் இவ்வாறு எண்ணியமை வியத்தற்குரியது. இளைஞராகிய துரூசோவின் ஆற்றலைக் கண்டு அவரை மருத்துவத் துறைக்கு ஈர்த்தவர் இப்பிரெத்தோனோவே. மாணவரும் தம் ஆசிரியரை இறுதிவரை மறந்திலர். எழுதுவதில் விரைவு காட்டாத ஆசிரியரின் ஆராய்ச்சிகளை எடுத்து எழுதியும், பாரிசு நகர மண்டபங்களில் அவற்றை எடுத்துரைத்தும் அவர் புகழை நிலைநிறுத்தினார். புகழ் தம்மை வந்தடைந்த பின்பும் ஆசிரியரை முன்னிறுத்தித் தாம் பின்னிற்றல் நன்மாணாக்கரின் இயல்பு. அவ்வியல்பு துரூசோவிடம் குறைவின்றி இருந்தது.

அவர் 1825ஆம் ஆண்டு பாரிசில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1828ஆம் ஆண்டு கிபுறாலுத்தர் நகரிலே மஞ்சட் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபொழுது, அதனை ஆராயுமாறு பிரெஞ்சு அரசு அனுப்பிய குழுவில் அவரும் ஒருவராயினார். அக்குழுவிலே பியேர் லூயி என்னும் மருத்துவரும் இருந்தார். நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு, அக்கணக்கினாலேயே மருந்தின் பயனை அளந்தறிதல் வேண்டும் என்னும் கொள்கையைப் பிற்காலத்தில் நிலைநாட்டியவர் லூயி. துரூசோவோ அக்கொள்கையை முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை. எண்ணிக்கை மருத்துவனின் சிந்தனையை மழுங்கச் செய்யும் என்றும், படுக்கையருகே நின்று ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே நோக்கித் தெளிதலே மருத்துவனின் கடமை என்றும் அவர் கருதினார். இக்கருத்து வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துவாராக. இவ்விருவர் வழக்கும் இற்றைநாள் மருத்துவத்திலே மீண்டும் நம்முன் வந்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

பாரிசு நகரத்துப் பணி

1836ஆம் ஆண்டு முதல் பிதூ என்பவருடன் கூடி மருந்தியல் பற்றிய பெருநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். 1839இல் பாரிசு மருத்துவ பீடத்திலே சிகிச்சையியற் பேராசிரியரானார். 1848இல் அரசியல் நிருணய சபையிலும் உறுப்பினராய் அமர்ந்தார். பின்னர், நோதர் தாம் பேராலயத்தின் அயலிலே உள்ளதும் பாரிசிலே மிகப் பழையதுமான ஒத்தேல் தியே வைத்தியசாலையில் நோய்நிலை மருத்துவப் பேராசிரியர் என்னும் உயர்ந்த இடத்தைப் பெற்றார். ஒத்தேல் தியே என்பது இறைவன் இல்லம் எனப் பொருள்படும்.

தொண்டைக்கரப்பனால் மூச்சு அடைபட்டுத் துடிக்கும் குழந்தையின் மூச்சுக்குழலைக் கழுத்திலே திறந்து, குழாய் செலுத்தி உயிர் காக்கும் சத்திரசிகிச்சையை 1825இல் வெற்றியுடன் செய்துகாட்டியவர் பிரெத்தோனோ. அதனைப் பாரிசிலே பரப்பியவர் துரூசோ. இருநூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அவர் இச்சிகிச்சையைச் செய்தார். அவர்களுட் கால்பங்கினர் பிழைத்தனர். முக்காற்பங்கினர் இறந்தனரே என எண்ணுதல் கூடாது. அந்நிலையை அடைந்த குழந்தைகள் யாவரும் இறந்தே தீர்வர் என்றிருந்த காலத்திலே, நால்வருள் ஒருவரை மீட்டமை அரும்பெருஞ் செயலாகும். நெஞ்சறையில் நீர் தேங்கியோருக்கு ஊசி செலுத்தி அந்நீரை வாங்கும் முறையையும் அவர் வற்புறுத்தினார்.

நோய்களுக்குப் பெயரிடுவதிலே அவர் வல்லவர். பிறருடைய புகழைத் தமதாக்கிக் கொள்ளாத பண்பும் உடையவர். கழுத்துக் கழலையுடன் கண் பிதுங்கும் நோய்க்கு, அதனை விளக்கிய அயர்லாந்து மருத்துவர் கிறேவிசின் பெயரை இட்டு வழங்கியவர் துரூசோவே. மூளையிற் பழுது நேர்ந்து பேச்சிழந்த நிலைக்கு, 1864இல் அவர் தெரிந்தளித்த கிரேக்கச் சொல்லே இன்றும் மேனாட்டு மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. புயத்தை இறுகக் கட்டியபொழுது கைவிரல்கள் தாமே மடங்கி இசிவுறுதல், மறைந்து நிற்கும் இசிவுநோயின் அறிகுறி என்பதையும் அவர் கண்டார். அது துரூசோ குறி எனப்படும். ஒத்தேல் தியேயில் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் 1861ஆம் ஆண்டு முதல் நூலாக வெளிவந்தன. ஆங்கிலம் முதலிய பிறமொழிகளிலும் அவை பெயர்க்கப்பட்டன.

வெண்கால் வீக்கம்

இனி, அவர் புகழுக்கு முடியாக விளங்கும் ஆராய்ச்சிக்கு வருவோம். மகப்பேற்றின் பின் சில பெண்களுக்கு ஒரு கால் வீங்கி, வெளுத்து, கடுநோவு உண்டாதல் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. காலின் நாளத்திலே குருதி உறைந்து வழியை அடைத்தலே இதற்குக் காரணம். இவ்வெண்கால் வீக்கத்தைப் பற்றித் துரூசோ நிகழ்த்திய விரிவுரை 1865இல் வெளியாயிற்று. மகப்பேறு காணாத பெண்களுக்கும், ஆடவருக்கும் இவ்வீக்கம் வருவதுண்டு என்றும், அவ்வாறு வருவோருட் பலர் உள்ளுறுப்புக்களிலே புற்றுநோய் மறைந்திருக்கப் பெற்றவர் என்றும் அவ்விரிவுரையில் அவர் எடுத்துக்காட்டினார்.

அக்காலத்தில் உடலின் உள்ளே நோக்கும் கருவிகள் மருத்துவர் கையில் இல்லை. ஒருவருக்கு வயிற்று வலியும், வாந்தியும், உடல் மெலிவும் இருப்பின், அது இரைப்பையிலுள்ள வெறும் புண்ணோ, நாட்பட்ட அழற்சியோ, புற்றுநோயோ என்று துணிதல் இயலாது. அவ்வாறு மயங்கி நிற்கும் வேளையிலே, நோயாளியின் காலிலோ கையிலோ வெண்வீக்கம் தோன்றுமாயின் ஐயம் நீங்கும். அது புற்றுநோயே எனக் கொள்ளலாம் என்று அவர் மாணவர்க்கு உரைத்தார். இறந்தோர் உடலைத் திறந்து நோக்கித் தம் முடிபு சரியென்பதையும் கண்டார்.

இன்னும் ஒரு படி மேலே சென்றார் அவர். புற்றுக்கட்டி அயலிலுள்ள நாளத்தை நெருக்குதலினால் குருதி தேங்கி உறைகின்றது என்று கூறுதல் எளிது. ஆயின் கட்டி வயிற்றிலிருக்க, உறைவு காலிலும் கையிலும் தோன்றுவது எவ்வாறு? ஒருநாள் ஓரிடத்திலும் மற்றொருநாள் வேறிடத்திலுமாக அது இடம் பெயர்வது எவ்வாறு? இவற்றை நோக்கிய துரூசோ, புற்றுநோயினால் குருதியின் இயல்பே திரிகின்றது, அத்திரிபினாலேயே அது தானே உறையும் தன்மையை அடைகின்றது எனத் துணிந்தார். இத்துணிபு பெரும்பாலும் உண்மை என்பதைப் பிற்கால ஆராய்ச்சி நிறுவியது. புற்றுக்கலங்கள் குருதியை உறையத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன என்பது இன்று யாவரும் ஒப்ப முடிந்த செய்தி.

தம்மிடத்தே கண்ட குறி

துரூசோவின் இறுதி நாட்கள் கேட்போர் நெஞ்சை உருக்குவன. 1866ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வயிற்று நோயினால் அவர் உடல் தளர்ந்தது. பிறர் பலருக்கு நோய்க்குறி வகுத்துக் கூறிய அவர், தம் நோயின் இயல்பு பற்றி ஐயுற்றே இருந்தார். 1867ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலே, தம்மைக் காண வந்த மிசேல் பேட்டர் என்னும் மாணவரிடம், முன்னிரவு தம் உடலில் நாளவழற்சி தோன்றியமையையும், ஆதலின் தம் நோய் இன்னதென்பதில் இனி ஐயமில்லை, தம் வாழ்வு முடிந்ததென்பதையும் அவர் கூறினார் என்பர். நோயுற்றது அவருடைய இடக்கை.

இவ்விடத்து நாம் சற்று நின்று எண்ணல் வேண்டும். அம்மாணவர் அதே விரிவுரையைக் கேட்டவர். ஆசிரியர் சொல்லியதை மறுத்து ஆறுதல் கூற அவருக்கு வழியில்லை. ஏனெனில் அவ்வாறு மறுப்பின் ஆசிரியர் கற்பித்ததையே மறுத்தவராவர். ஆசிரியருக்கும் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. பிறருக்கு எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தாரோ, அந்த அளவுகோலையே தமக்கும் கொண்டார். அவ்வறிவு அவருக்கு ஒரு நாளேனும் மிகுதியாக வாழ்வு தந்ததா எனின், தரவில்லை. அக்காலத்தில் உறைவை நீக்கும் மருந்தும் இல்லை. இரைப்பைப் புற்றை அகற்றும் சத்திரசிகிச்சையும் இல்லை. அறிவு முன்னே சென்றது. சிகிச்சை மிகப் பின்னே நின்றது. ஏறத்தாழ ஆறு திங்கள் நோயுடன் இருந்து, 1867ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் நாள், தமது அறுபத்தைந்தாம் வயதிலே அவர் உயிர் நீத்தார். இரைப்பைப் புற்றுநோயே அவர் மரணத்துக்குக் காரணமாயிற்று. அவருடைய விரிவுரை நூலின் அடுத்த பதிப்பை 1868இல் செப்பஞ்செய்து வெளியிட்டவர் அம்மாணவர் பேட்டரே. பிறர் பெயரை நோய்களுக்கு இட்டு மகிழ்ந்தவரின் பெயரை, அவரைக் கொண்டுசென்ற நோய்க்கே உலகம் இட்டு வழங்கியது.

இருபுறமும் இடர்

துரூசோ விட்டுச் சென்ற வினாவுக்கு விடை மெல்ல மெல்லவே வந்தது. குருதி உறைதற்கு இன்றியமையாதனவாகிய சிறுதட்டுக்களின் தொழிலை இத்தாலிய அறிஞர் பிசொசெரோ 1882ஆம் ஆண்டளவில் விளக்கினார். டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் இவற்றின் எண்ணிக்கையைப் பற்றி நம் நாட்டவர் யாவரும் பேசக் கேட்கின்றோம். 1916இல் அமெரிக்காவிலே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் செய்த ஆராய்ச்சி, உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் என்னும் மருந்துக்கு வித்தாயிற்று. 1930களில் கனடாவின் ரொறன்ரோ நகரத்து அறிஞரும் சுவீடன் அறிஞரும் அதனைத் தூய்மை செய்து நோயாளருக்கு உதவும்படி ஆக்கினர். அதனினும் எளிதிற் கையாளத்தக்க சிறுமூலக்கூற்று ஹெப்பரின் பின்னர் வந்தது. புற்றுநோயாளருக்கு ஏற்படும் உறைவுக்கு, வாயால் உட்கொள்ளும் பழைய மருந்தாகிய வார்பரினிலும் இவ்வூசி மருந்தே சிறந்தது என்பதை 2003இல் வெளியான பேராய்வு ஒன்று காட்டிற்று. ஆறு மாதங்களுள் மீண்டும் உறைவு உண்டானோர், பழைய மருந்து பெற்றவருள் நூற்றுக்குப் பதினெழுவர்; புதியது பெற்றவருள் ஒன்பதின்மர். அதன்பின் வாயால் உட்கொள்ளும் புதிய மருந்துகளும் வழக்கில் வந்துள்ளன.

எனினும் இடர் முற்றும் ஒழிந்ததன்று. புற்றுநோயை அழிக்கக் கொடுக்கும் மருந்துகள் என்பு மச்சையையும் தாக்குவன. சில வேளைகளில் நோயே மச்சையைப் பற்றிக்கொள்ளும். அதனால் சிறுதட்டுக்கள் குறைகின்றன. நலமுள்ளவரின் ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறத்தாழ 150,000 முதல் 400,000 வரை இருக்க வேண்டிய அவை, சிலருக்கு 50,000க்கும் கீழே இறங்கும். சிறுதட்டுக் குறைந்தால் குருதி உறையாதன்றோ, ஆகவே உறைவு பற்றிய அச்சம் நீங்கிற்று எனச் சிலர் எண்ணக்கூடும். அது பிழை. சிறுதட்டுக் குறைந்த நிலையிலும் புற்றுநோயாளருக்கு உறைவு தோன்றும்.

இந்நிலையில் மருத்துவன் என்ன செய்வான்? உறைவுத்தடை மருந்தைக் கொடுத்தால் குருதி பெருகலாம். மூளையிற் பெருகின் உயிர் போகும். கொடாது விட்டால், காலிலுள்ள உறைவு பெயர்ந்து சுவாசப்பையை அடைத்து உயிரைப் போக்கலாம். ஒருபுறம் ஆழ்ந்த கிணறு. மறுபுறம் எரியும் நெருப்பு. இதற்கு இன்றைய அறிஞர் ஒருவாறு வழி வகுத்துள்ளனர். சிறுதட்டு 50,000க்கு மேல் இருப்பின் மருந்தை முழு அளவிற் கொடுக்கலாம். 25,000க்கும் 50,000க்கும் இடைப்பட்டதாயின், உறைவின் கொடுமையை நோக்கல் வேண்டும். உறைவு புதிதாயும் பெரிதாயும் இருப்பின், பிறர் ஈந்த சிறுதட்டுக்களை உடலில் ஏற்றி எண்ணிக்கையை உயர்த்தி, முழு அளவு மருந்தையே கொடுப்பர். உறைவு பழையதாயும் சிறியதாயும் இருப்பின், ஊசி மருந்தின் அளவைப் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ கொடுப்பர். 25,000க்கும் கீழே இறங்கின், பெரும்பாலும் மருந்தை நிறுத்தி, எண்ணிக்கை ஏறும்வரை காத்திருப்பர். மருந்து கொடுக்கவே இயலாதவிடத்துச் சிலருக்கு வயிற்றின் பெருநாளத்தில் வடிகட்டி ஒன்றை வைத்து, உறைவு மேலே செல்லாமல் தடுப்பதும் உண்டு. உறைவு தோன்றிய முதல் மாதமே மிகுந்த இடருடையது. ஆதலின் அக்காலத்தில் எண்ணிக்கையை அடிக்கடி சோதித்து, அதற்கேற்ப மருந்தின் அளவை மாற்றிக்கொண்டே செல்லல் வேண்டும்.

ஈண்டுத்தான் துரூசோவும் லூயியும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றனர். மேலே கூறிய அளவுகள் யாவும் எண்ணிக்கையின் பயன். சிறுதட்டை எண்ணாமல் இம்மருந்தைத் தொடுதலே கூடாது. அவ்வகையில் வெற்றி லூயிக்கே. ஆயின் உறைவு மருந்துகளைப் பற்றிய பேராய்வுகள், சிறுதட்டு மிகக் குறைந்த நோயாளரைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர்களுக்குக் கூறப்படும் விதிகள் பேராய்வின் முடிபுகளை விட, அனுபவமுடைய மருத்துவரின் கருத்தொருமையையே மிகுதியும் சார்ந்தன. விதி ஒன்று, நோயாளர் பலர். இவருக்கு முன்னர்க் குருதி பெருகியதுண்டா, சிறுநீரகம் நலமா, எண்ணிக்கை ஏறுகின்றதா இறங்குகின்றதா, உறைவு எங்கே உள்ளது என்பனவற்றையெல்லாம் படுக்கையருகே நின்று தனித்தனியே நோக்கியே முடிவு செய்தல் வேண்டும். அவ்வகையில் வெற்றி துரூசோவுக்கே. எண்ணும் கண்ணும் இரண்டும் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு.

நாம் பெறும் பயன்

இவ்வரலாற்றினால் நாம் அறிந்து கைக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் ஒரு காலிலோ கையிலோ வீக்கமும் நோவும் காணின், அது நடந்த களைப்பினால் வந்ததென்று எண்ணி எண்ணெய் தேய்த்து இருந்துவிடுதல் தகாது. திடீரென மூச்சு முட்டுதலும் நெஞ்சு நோவும் தோன்றின், ஒரு கணமும் தாழ்த்தாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும். உறைவுத்தடை மருந்து பெறுவோர் ஈறுகளிற் குருதி கசிதல், மலம் கறுத்தல், தோலிற் செம்புள்ளி தோன்றுதல் ஆகியவற்றை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். மருந்தைத் தம் விருப்பப்படி கூட்டுதலும் குறைத்தலும் நிறுத்துதலும் உயிருக்கே ஊறு விளைப்பன. கால் வீங்கியோர் யாவரும் புற்றுநோயாளர் என்று அஞ்சுதலும் வேண்டா. அவ்வீக்கத்துக்கு வேறு காரணங்கள் பல உள. அச்சமும் வேண்டா, அசட்டையும் வேண்டா, விழிப்பே வேண்டும்.

1867ஆம் ஆண்டுச் சனவரி முதல் நாளிலே, வீங்கிய தம் கையை நோக்கிய துரூசோவுக்கு அவ்வறிகுறி முடிவின் செய்தியாய் இருந்தது. இன்று அதே அறிகுறியுடன் வரும் நோயாளிக்கு அது சிகிச்சையின் தொடக்கமாய் அமைகின்றது. அவருக்குப் பயன்படாத அவருடைய அறிவு, அவர் காணாத எண்ணிறந்த மக்களுக்குப் பயன்படுகின்றது. கற்றுக் கண்டதை மறையாது பிறர்க்கு உரைத்துச் சென்ற ஆசிரியருக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.